கரோலின் சொன்ன 'வாரேன்'

எங்கள் ஸ்டாஃப் ரூமில் திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு டீச்சர் போனைத் தூக்கிக் காட்டுவார். "இந்த வாரம் எங்கன நிக்கா பாருங்க!" படத்தில் கரோலின் நிற்பாள். பின்னால் ஒரு கோபுரமோ பாலமோ பனிமலையோ இருக்கும். பக்கத்தில் அவள் புருஷன் எஸ்றா, நீளமான கையை நீட்டிப் படம் எடுத்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். போன் கைக்குக் கை மாறி மேசையைச் சுற்றி வரும். கடைசியில் கணக்கு டீச்சர் ஜெசி பெருமூச்சு விட்டு, "கொடுத்து வச்சவ" என்பார். அதோடு மணி அடித்துவிடும். நாங்கள் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவோம்.

நான் சித்ரலேகா. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். திருநெல்வேலி டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஒரு பெயர் உண்டு, அது பொய்யில்லை. கரோலின் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. அறிவியல் டீச்சர். அவள் ஒன்பதாம் வகுப்பில் நின்று பேச ஆரம்பித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இலக்கணம் நடத்த முடியாது. அப்படி ஒரு குரல். ஆகுபெயருக்கு உதாரணம் கேட்டால் என் பிள்ளைகள் அமிலம், காரம் என்று எழுதிவைப்பார்கள். "ஏட்டி, கொஞ்சம் பைய பேசேன்" என்று சண்டைக்குப் போவேன். மன்னிப்புக் கேட்பாள். அடுத்த பீரியடில் மறுபடியும் அதே சத்தம் கேட்கும்.

எஸ்றாவைக் கட்டிக்கொண்டு அவள் நெதர்லாந்துக்குப் போனாள். அவனும் பாளையங்கோட்டைப் பையன்தான். அங்கே ஐந்தோவன் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் தலைமையாசிரியை சாலோமி டீச்சர், நாங்கள் பெரிய டீச்சர் என்போம், நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அவளுக்குச் சம்பளமில்லாத விடுப்பு மூன்று வருஷம் வாங்கிக் கொடுத்தார். "மூணு வருஷம் ஒன் நாற்காலிய நான் பாத்துக்கிடுதேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா" என்றார். கரோலின் எல்லாரையும் கட்டிப்பிடித்து, "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினாள்.

இந்த 'வாரேன்' பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. போகிறவன்தான் 'வாரேன்' என்பான். விளக்கை அணை என்று சொல்லாமல் அமர்த்து என்று சொல்கிற மாதிரி இதுவும் மங்கலம் என்று நான் வகுப்பில் நடத்துவேன். கரோலின் வீட்டில் இந்த மங்கலம் போன் வரைக்கும் போயிருந்தது. அவள் அப்பா ரொம்ப வருஷம் மஸ்கட்டில் இருந்தார். வாரத்துக்கு ஒரு போன். பேசி முடித்ததும் ஊர் உலகமெல்லாம் 'வைக்கேன்' என்று சொல்லும். கரோலினின் அம்மாவுக்கு அந்த வார்த்தை பிடிக்காது. "அத்தன தூரத்துல இருக்க மனுஷர்ட்ட வைக்கேன்னு சொன்னா, கதவ மூஞ்சில சாத்துன மாதிரி இருக்கு." அதனால் அந்த வீட்டில் போனிலும் 'வாரேன்'தான். கரோலின் கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டால்கூட "சரிண்ணே, வாரேன்" என்றுதான் முடிப்பாள். சிலிண்டர்க்காரர் இவள் நேரில் வரப்போகிறாள் என்று நினைத்துக்கொண்ட கதையெல்லாம் உண்டு.

போன புதிதில் அவள் அனுப்புகிற படங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? நான் அதிகபட்சம் போனது அத்தாளநல்லூர், அதைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி, அங்கே அப்பளக் கட்டு வாங்க. இவள் பாரிஸில் நிற்கிறாள்.

பிறகுதான் அவள் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். நான் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். வண்ணார்பேட்டை நெரிசலில் பஸ் நிற்கும், கீழே ஆறு கிடக்கும். அவளுக்கு அங்கே மத்தியானம். வீட்டில் தனியாக இருப்பாள்.

"என்னட்டி செய்யுத?"

"சும்மாதான் இருக்கேன் டீச்சர். ஒங்கட்ட பேசுததுதான் இன்னைக்கு நான் பேசுத மொத பேச்சு. தொண்ட அடைக்கி."

அவள் சொன்னது மெய்தான், குரல் கரகரத்தது. எஸ்றா காலையில் சைக்கிளில் போய்விடுவான். பிறகு ஒரு பெரிய ஜன்னல், அதற்கு வெளியே மழை, உள்ளே காய்கிற துணி. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுமாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பார்த்தால் கை ஆட்டுவார்கள். அவள் டச்சு மொழி வகுப்பில் சேர்ந்து விழுந்து விழுந்து படித்தாள். கடையில் போய் டச்சில் பேசினால் அவர்கள் பாவம் பார்த்து இங்கிலீஷில் பதில் சொல்லிவிடுவார்களாம். "படிக்கவே விட மாட்டாங்க டீச்சர், அம்புட்டு நல்லவங்க" என்றாள். ஒரு பள்ளிக்கூடத்தில் போய் வேலை கேட்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் மொழி வரட்டும் என்று காப்பி கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்களாம்.

எஸ்றாவைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. இந்தக் கதையில் அதுதான் பெரிய கஷ்டம். குடிப்பவனா, இல்லை. கை நீட்டுகிறவனா, இல்லை. சனிக்கிழமை பாத்திரம் கழுவுவான். இவளுக்குச் சைக்கிள் பழக்கிக் கொடுத்தான், காற்றில் இவள் கவிழ்ந்தபோது மடியில் காலை வைத்து மருந்து போட்டான். இவள் முகம் கொஞ்சம் வாடினால் அவனுக்குப் பொறுக்காது. உடனே லேப்டாப்பைத் திறந்து ஒரு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவான்.

"நவம்பர்ல ஒரு நாள் சும்மா அழுதுட்டேன் டீச்சர். பிராகுக்கு கூட்டிட்டுப் போயிட்டாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒன்றுமே இல்லை.

அதற்கப்புறம் படம் வந்தால் நான் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் படத்துக்கு முந்தின வாரம் இவள் எதற்கு அழுதாள் என்று யோசிப்பேன். பெல்ஜியம் வந்தது, ஒரு பொங்கல் லீவில் எங்களோடு வீடியோவில் பேசியதற்குப் பிறகு. சுவிட்சர்லாந்து வந்தது, அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், டிக்கெட் கிடைப்பதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டதால் "இனி என்ன அவசரம்" என்று பயணம் தள்ளிப்போனதற்குப் பிறகு. அந்த மலை உச்சியில் எஸ்றா தன் அம்மாவுக்கு வீடியோ போட்டிருக்கிறான். இங்கே அந்த அம்மாள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டத்தில் இருந்தார். போனை எல்லாருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டி, "ஏம்மா கரோலின், இன்னும் கொஞ்சம் சிரி, எலிசபெத் அக்காளுக்குத் தெரியலியாம்" என்றாராம். குளிரில் உதடு மரத்துப்போய் இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையால் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிரித்திருக்கிறாள்.

எந்த ஊருக்குப் போனாலும் எஸ்றா பெட்டியில் குட்டி ரைஸ் குக்கர் வைத்துக்கொள்வான். ஓட்டல் அறையில் சோறு வடித்து, பொடி போட்டுப் பிசைந்து, எழுந்து அடுத்த இடம். காலையில் கோட்டை, மத்தியானம் அரண்மனை, சாயங்காலம் படகு. "வந்ததுக்கு எல்லாத்தையும் பாத்துருவோம்" என்பது அவன் கட்சி. ஒருமுறை கொலோனில் பெரிய தேவாலயத்துக்குள் இவள் காணாமல் போய்விட்டாள். அவன் பதறித் தேடியிருக்கிறான். மஞ்சள் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று சுற்றிப் பார்க்க வந்திருந்தது, அவர்களின் டீச்சர் விரலை நீட்டித் தலை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தின் வாலில் கரோலின் நின்றிருந்தாள்.

"நானும் எண்ணுனேன் டீச்சர். ஒண்ணு குறஞ்சுது. பயந்துட்டேன். தூணுக்குப் பின்னால நின்னுச்சு, அப்புறந்தான் உயிர் வந்துச்சு" என்றாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் தூசியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

மூன்றாவது வருஷம் ஏப்ரலில் பெரிய டீச்சர் அவளுக்குப் போன் போட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் போய்விடும். அவளுக்குப் பதிலாக இருந்த முஃபீதா டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

"முடிவா சொல்லிரும்மா. ஜூன்ல வாரியா, நான் வேற ஆள் போடட்டா?"

"அத்தான்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று கரோலின் இழுத்திருக்கிறாள். அந்நேரம் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பார்சலைக் கொடுக்க ஆள் நிற்கிறான். அவசரத்தில் வாயில் எது ஊறிக் கிடக்கிறதோ அதுதானே வரும்? "சரி டீச்சர், நான் வாரேன்!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பெரிய டீச்சர் நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். "கரோலின் வாராளாம். வாயத் தொறந்து சொல்லிட்டா." ஜெசி டீச்சர் கை தட்டினார். முஃபீதாவுக்கும் வருத்தமில்லை, நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அங்கே சம்மதம் சொல்லிவிட்டாள். எனக்கு மட்டும் சந்தேகம். சிலிண்டர்க்காரர் ஞாபகத்துக்கு வந்தார். சாயங்காலம் நானே போன் போட்டேன்.

"ஏட்டி, நீ வாரேன்னு சொன்னது வாரதுக்கா, வைக்கதுக்கா?"

அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு. "ஐயோ, வைக்கதுக்குத்தான் டீச்சர்!" பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், நீங்க திருத்திராதிய."

"என்னது?"

"அது அப்படியே இருக்கட்டும். நானா கேட்டா எனக்குச் சொல்ல வராது. வாய் தவறி வந்துட்டு. வந்தது வந்ததாவே இருக்கட்டும். அத்தான்ட்ட நல்ல நேரம் பாத்து நானே சொல்லுதேன்."

நான் திருத்தவில்லை. என் பக்கத்து நாற்காலி எனக்கு வேண்டும். அவளுக்கும் அது வேண்டும்.

அந்த மூன்று வாரம் கரோலின் வேறு ஆளாக இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் பருத்திச் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கஞ்சி போட்டாளாம். அந்த ஊரில் கஞ்சி போட்ட சேலையை எங்கே காய வைப்பது? ரேடியேட்டர் மேல் விரித்தாளாம். ஒன்பதாம் வகுப்புப் புதுப் பாடம் எது என்று கேட்டாள், படம் எடுத்து அனுப்பினேன். மத்தியானத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தப் பாடத்தைச் சத்தமாக நடத்திப் பார்த்திருக்கிறாள். போனில் தொண்டை கரகரப்பு இல்லை. "இன்னைக்குச் சொல்லிருவேன் டீச்சர்" என்பாள். மறுநாள், "பாவம், ரொம்ப அலுத்து வந்தாவ, நாளைக்குச் சொல்லுதேன்" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். கடித்துக் குதறாத மனிதனிடம் பேச இவ்வளவு பயமா என்று திட்டினேன். "கடிச்சா சொல்லிருவேன் டீச்சர், அவ்வளவு லேசு" என்றாள்.

அவள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்க, பாளையங்கோட்டை சும்மா இருக்குமா? மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெரிய டீச்சர் எஸ்றாவின் அம்மாவைப் பார்த்திருக்கிறார். "மருமக வாரது சந்தோசமா இருக்கும்லா" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை. கோயில் வேப்பமரத்தடியில் நின்றே மகனுக்குப் போன் போட்டார். "ஏலே, ஒன் பொண்டாட்டி வேலைக்கு வாராளாமே? ஒனக்கே தெரியாதாமே?"

அங்கே காலை நேரம். எஸ்றா தோசை சுட்டுக்கொண்டிருந்தானாம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கரோலினுக்கு எதிரே உட்கார்ந்தான். கத்தவில்லை. அவன் கண் நிறைந்துவிட்டது என்று அவள் என்னிடம் சொன்னாள்.

"நான் என்ன குற வச்சேன் கரோ?"

"ஒரு குறையும் இல்ல அத்தான்."

"பின்ன?"

குறை இருந்தால்தானே எடுத்துச் சொல்ல? எனக்கு அங்கே ஒரு குரல் இருந்தது, இங்கே இல்லை என்று ஒரு மனுஷியால் புருஷனிடம் எப்படிச் சொல்ல முடியும்? சொன்னாலும், பாட்டு வகுப்பில் சேர்த்துவிடுவான். அவள் சுற்றி வளைத்து, "கொஞ்ச நாள் போயிருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"தாராளமா! டிசம்பர்ல ரெண்டு பேருமே போவோம். கிறிஸ்மஸ் அங்கன வச்சுக்கிடுவோம்."

பிறகு அவனாகவே நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டான். அவனுக்குத்தான் இவள் வீட்டுப் பழக்கம் தெரியுமே. நிச்சயம் ஆன நாளிலிருந்து இந்த 'வாரேன்'னைக் கேலி செய்தவன் அவன். "நீ போன வைக்கதுக்கு வாரேன்னு சொல்லிருப்ப. பெரிய டீச்சர் தப்பா எடுத்துட்டாவ. அம்புட்டுத்தான? இதுக்கா முகம் இப்படி இருக்கு? பயப்படாத, நானே பேசிருதேன்." அப்படியே லேப்டாப்பைத் திறந்தான். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு அங்கே திங்கட்கிழமையும் லீவு. வியன்னாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.

அவளுக்கு அவன் திறந்துவிட்டது வெளியே போகிற கதவு என்று அவன் நினைத்தான். உள்ளே இருந்து பார்த்த அவளுக்கு அது சாத்திய கதவாகத் தெரிந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். கோடை விடுமுறைதான், ஆனால் பதினோராம் வகுப்புச் சேர்க்கை நடந்தது. பெரிய டீச்சர் அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து மதிப்பெண் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எஸ்றா. அவர் இரண்டு கையிலும் காகிதம் வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்தோத்திரம் டீச்சர். ஒரு சின்னக் குழப்பம்..." அவன் மரியாதையாக, சிரிக்கச் சிரிக்க, மஸ்கட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினான். எனக்குக்கூட அப்படிக் கோவையாக நடத்த வராது. பெரிய டீச்சரின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. அவர் என்னைப் பார்த்தார், நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"தம்பி, போன அவட்ட குடுங்க" என்றார்.

"இதா நிக்கா டீச்சர். கரோ, நீயே சொல்லிரு, டீச்சர் ஒண்ணும் நினைக்க மாட்டாவ."

பெரிய டீச்சர் காகிதங்களைக் கீழே வைத்தார்.

"ஏம்மா கரோலின், நான் ஒரே வார்த்ததான் கேக்கேன். முஃபீதா வேற எடம் பாத்துட்டா. ஒன் நாற்காலி அப்படியே கெடக்கு. இன்னைக்கும் நீ வாரேன்னு சொன்னா எனக்குப் போதும். மத்தத நான் ஒங்க வீட்டுல பேசிக்கிடுதேன். சொல்லு. வாரியா?"

சொல்லிருட்டி, சொல்லிரு என்று எனக்குள்ளேயே சொன்னேன். ஒரு வார்த்தைதான், வாய் தவறியாவது சொல்லிவிடு, நாள் முழுக்கச் சொல்லுகிற வார்த்தைதானே! அந்தப் பக்கம் எஸ்றா மெதுவாக, அன்பாக, "சொல்லும்மா" என்றான்.

"டீச்சர்..."

"சொல்லும்மா."

"நான் வைக்கேன் டீச்சர்."

போன் அணைந்தது.

பெரிய டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சித்ரா, கேட்டதுக்குப் பதிலே சொல்லாம வச்சுட்டாளே?" என்றார். பதில் சொல்லிவிட்டாள் டீச்சர் என்றேன். அவள் பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அந்த 'வைக்கேன்'.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. கரோலினின் நாற்காலியில் ஒரு புது டீச்சர் வந்து உட்கார்ந்தாள். சின்னக் குரல், சுவரைத் தாண்டி ஒன்றும் வருவதில்லை, என் பிள்ளைகள் ஆகுபெயரைத் தப்பில்லாமல் எழுதுகிறார்கள். முதல் திங்கட்கிழமை ஜெபம் முடிந்ததும் போன் மேசையைச் சுற்றி வந்தது. வியன்னா. மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய அரண்மனை, நிறையப் பூ, எஸ்றாவின் நீளமான கை. கரோலின் நன்றாகவே சிரித்திருந்தாள், யாரும் கேட்காமலே.

ஜெசி டீச்சர் பெருமூச்சு விட்டார். "கொடுத்து வச்சவ."

"ஆமா டீச்சர்," என்றேன். "நாற்காலியக் கொடுத்துட்டா. போன வச்சுட்டா."